உங்களுக்குத் தெரியுமா? கல்லைத் தேடி ஒரு பள்ளிச் சுற்றுலா

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் சட்டைப்பையைத் துழாவினால் ஒரு கூழாங்கல்லாவது கிடைக்கும். ‘குப்பையைக் கீழே போடு’ என்று அதட்டாதீர்கள். அந்தக் கல்லையே பாடமாக்கலாம். கல்லைப் பார்க்க வகுப்போடு கிளம்பும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் சில தகவல்கள்.

● பாறைக்கும் கனிமத்துக்கும் என்ன வேறுபாடு? ஒரு கடலை மிட்டாயைக் கையில் கொடுங்கள். கடலையும் வெல்லமும் கனிமங்கள். இரண்டும் சேர்ந்து இறுகிய மிட்டாய்தான் பாறை. கிரானைட் கல்லை உற்றுப் பார்த்தால் கண்ணாடிபோல் குவார்ட்ஸ், வெளிர்நிறத்தில் ஃபெல்ஸ்பார், மினுமினுக்கும் காக்காப்பொன் என்று தனித்தனியாகத் தெரியும்.

● சமையலறைக் கல்லுப்பும் ஒரு கனிமம்தான். ஒரு பரலைப் பூதக்கண்ணாடியில் பார்க்கச் சொல்லுங்கள். பகடையைச் சின்னதாக்கியதுபோல் சதுர மூலைகள் தெரியும். உப்பின் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறையே அந்த வடிவத்துக்குக் காரணம்.

● கல்லின் கடினத்தை அளக்க ஒரு நகமும் ஓர் இரும்பு ஆணியும் போதும். ஜெர்மானியர் ஃபிரெட்ரிக் மோஸ் 1812இல் வகுத்த 1 முதல் 10 வரையிலான வரிசை இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. 1 மாக்கல், 10 வைரம். நம் நகம் சுமார் 2.5. கல்சட்டி செய்கிற மாக்கல்லில் நகம் கோடு போடும். குவார்ட்ஸில் ஆணியும் தோற்றுப்போகும்.

● பென்சிலுக்குள் இருப்பது ஈயம் அல்ல. களிமண் கலந்த கிராஃபைட். சிவகங்கைப் பகுதியில் இது வெட்டியெடுக்கப்படுகிறது. கிராஃபைட்டும் வைரமும் ஒரே கரிமம்தான். அணுக்கள் கோத்திருக்கும் விதம் மாறியதால் ஒன்று தாளில் தேய்கிறது, மற்றது கண்ணாடியை அறுக்கிறது.

● சென்னைப் பிள்ளைகளுக்குப் பரங்கிமலையே போதும். அங்கே காலடியில் கிடப்பது ‘சார்னோக்கைட்’. கொல்கத்தாவில் ஆங்கிலேயக் குடியிருப்பை அமைத்த ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகை, சென்னைப் பக்கத்திலிருந்து போன கல். அதை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் கல்லுக்குச் சார்னாக்கின் பெயரையே வைத்தார். பரங்கிமலைப் பாறை இன்று தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டு அந்த எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். புத்தகத்தில் படிப்பதைவிட ஆழமாகப் பதியும்.

● கடற்கரைக்குப் போனால் ஒரு காந்தத்தைப் பாலித்தீன் பையில் சுற்றி எடுத்துப்போங்கள். மணலில் கறுப்புத் திட்டாகத் தெரியும் இடத்தில் வைத்தால், கறுப்புத் துகள்கள் முள்ளம்பன்றி முள்போல் பைமேல் நட்டுக்கொண்டு நிற்கும். அது மேக்னடைட் என்னும் இரும்புத்தாது. பையைத் திருப்பிக் காந்தத்தை உருவினால் அத்தனையும் உதிரும். ‘இன்னொரு தடவை மிஸ்’ என்ற குரல் கட்டாயம் வரும்.

● விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் மரமே கல்லாகிக் கிடக்கிறது. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் மணலில் புதைந்த மரங்களுக்குள் நீரோடு சிலிக்கா ஊடுருவி, மரத்திசு இருந்த இடத்தை மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டது. கணுவும் நார்வரியும் அப்படியே இருக்கின்றன, தட்டினால் கல். வேர்களும் கிளைகளும் இல்லாததால், இவை வேறெங்கோ வளர்ந்து வெள்ளத்தில் அடித்துவரப்பட்டவை என்று கருதுகிறார்கள்.

● அரியலூர் ஒரு காலத்தில் கடலடி. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே நீந்திய, நத்தைபோல் சுருண்ட அம்மோனைட்டுகளின் புதைபடிவங்கள் இன்றும் கிடைக்கின்றன. அந்தக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் அங்கே சிமென்ட் ஆலைகள் வந்தன. சுண்ணாம்புக்கல்லில் சில சொட்டு வினிகர் விட்டால் நுரைக்கும், அதுவே அடையாளம்.

● நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் கிடைக்கும் அனார்த்தசைட், நிலாவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. அதைப் பொடித்துத்தான் இஸ்ரோ செயற்கை நிலா மண் செய்து, சந்திரயான் தரையிறங்கு கலத்தைச் சோதித்தது. நாமக்கல் பிள்ளைகளுக்கு நிலா அடுத்த ஊர்!

● கல்மரத் துண்டையோ அம்மோனைட்டையோ எடுத்துவரக் கூடாது. கிடந்த இடத்தோடு சேர்ந்தால்தான் அது சாட்சி. பைக்குள் போனால் வெறும் கல். படம் வரையட்டும், அளந்து எழுதட்டும். அடுத்த வருடத்து வகுப்புக்கும் அது அங்கேயே இருக்க வேண்டும்.

● வேனுக்குப் பணம் இல்லையா? பக்கத்துத் தெருவில் வீடு கட்டுகிற இடத்துக்குக் கூட்டிப்போங்கள். அங்கே குவிந்திருப்பது கருங்கல் ஜல்லி. சென்னைச் சுற்றுவட்டாரத்தில் அது பெரும்பாலும் அதே சார்னோக்கைட். மேஸ்திரியிடம் கேட்டு ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொள்ளலாம். 250 கோடி வயதுக் கல் சட்டைப்பைக்குள் வீடு போய்ச் சேரும்.