ஒரே களிம்பு, இரண்டு அரிப்பு

ஒட்டன்சத்திரம் பக்கம் ஒன்றரை ஏக்கரில் தக்காளி போட்டிருக்கும் ஐம்பது வயது விவசாயி ஒருவருக்கு, ஐப்பசி மழைக்குப் பிறகு களை எடுத்த நாட்களில் கழுத்தில் அரிப்பு கண்டது. இரண்டு மூன்று நாளில் முழங்கை மடிப்பு, கண் இமை என்று பரவி, தோல் சிவந்து தடித்துவிட்டது. இரவில் தூக்கமில்லை. மெடிக்கல் கடையில் சொல்லி ஒரு களிம்பு வாங்கிப் பூசினார். மறுநாளே பாதி குறைந்தது. நான்காம் நாள் அரிப்பே இல்லை. ட்யூபில் பாதிக்கு மேல் மிச்சம். மூடியைப் போட்டு மாடத்தில் வைத்தார்.

அந்த மிச்சத்தில்தான் வினை வந்தது. மாசி மாதம் தொடை இடுக்கில் வட்டமாக ஒரு படை கிளம்பியது. மாடத்தில் இருந்த களிம்பையே எடுத்துப் பூசினார். அரிப்பு உடனே அடங்கியது. பூசுவதை விட்டால் நாலு நாளில் திரும்பி வந்தது. ஆவணிக்குள் ஆறு ட்யூப் காலி. படை இடுப்பைச் சுற்றி அரைஞாண் கயிறு படும் இடமெல்லாம் ஏறியது. மனைவிக்கும், பள்ளியில் படிக்கும் மகளுக்கும் தொற்றியது. அவர்களுக்கும் அதே களிம்பு. கடைசியில் அரசு மருத்துவமனைத் தோல் பிரிவில் காட்டியபோது, பிள்ளை பெற்ற வயிற்றில் விழுவதுபோல அவருடைய தொடை இடுக்கில் வரிவரியாகத் தோல் கிழிந்திருந்தது. அந்த வரிகள் நாளடைவில் மங்கலாம், முழுதாகப் போகாது.

முதலில் வந்தது பார்த்தீனியம் செடியால் வந்த ஒவ்வாமை. இரண்டாவது வந்தது படர்தாமரை, அதாவது பூஞ்சாண நோய். இரண்டும் அரிக்கும், இரண்டும் சிவக்கும். ஆனால் அவர் பூசியது ஸ்டீராய்டு களிம்பு. அது ஒன்றுக்கு மருந்து, மற்றதற்குத் தீனி.

ஸ்டீராய்டு எந்தக் கிருமியையும் கொல்லாது. பூஞ்சாணத்தையோ சொறி சிரங்குப் பூச்சியையோ ஒன்றும் செய்யாது. உடம்பு காட்டும் எதிர்ப்பை அடக்குவது மட்டுமே அதன் வேலை. பார்த்தீனியம் ஒவ்வாமையில் உடம்பின் எதிர்ப்பு எல்லை மீறுவதுதான் நோய். அதனால் அடக்கினால் குணம். கரப்பான், சோரியாசிஸ் போன்ற வேறு சில தோல் நோய்களுக்கும் மருத்துவர்கள் இதைத் தருவது இதனால்தான். படர்தாமரையில் அந்த எதிர்ப்புதான் வேலி. வேலியைப் பிரித்துவிட்டால் உள்ளே யார் மேய்வார்கள் என்று விவசாயிக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. களிம்பு பட்ட படர்தாமரை தன் வட்ட ஓரத்தை இழந்து உருமாறிவிடும். பிறகு பார்க்கும் மருத்துவருக்கே அடையாளம் காண்பது சிரமம்.

வாங்கிய களிம்பில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கடைப்பெயரை நம்பிப் பயனில்லை. அட்டைப் பெட்டியில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் பார்க்க வேண்டும். ஹைட்ரோகார்ட்டிசோன், மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. ஆங்கிலம் படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்தால் அரை நிமிடத்தில் சொல்லிவிடும். பூஞ்சாண மருந்து, கிருமி மருந்து, ஸ்டீராய்டு மூன்றையும் ஒன்றாகக் கலந்த களிம்புகளும் கடையில் கிடைக்கின்றன. எந்த அரிப்புக்கும் ஏதாவது ஒன்று பிடிக்கும் என்ற கணக்கு அது. மூன்று பூச்சிமருந்தை ஒரே டேங்கில் ஊற்றி அடிப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

சதவீதத்தைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீதம் என்றும், குளோபீட்டசால் 0.05 சதவீதம் என்றும் இருக்கும். முதலாவது மிக மென்மையானது. இரண்டாவது மிகக் கடுமையானது. குளோபீட்டசாலைத் தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் பூசக் கூடாது, வாரத்துக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. மேல்பூச்சு ஸ்டீராய்டுகள் பலவற்றை மத்திய அரசு 2018-ல் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் கேட்டால் கொடுக்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன. பெட்டியின் ஓரத்தில் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டு வேண்டும் என்று பொருள்.

மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டார் என்றால் அடுத்த கேள்வி அளவு. இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. ஆள்காட்டி விரலின் கடைசி மூட்டுக் கோட்டிலிருந்து நுனிவரை ட்யூபைப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலமுள்ள இடத்துக்கு அது போதும். மெல்லிசாகத் தடவினால் சரி. வெள்ளையாகத் தெரியும்படி அப்ப வேண்டாம். தினம் ஒருமுறையா இருமுறையா என்பதை மருத்துவர் சொல்வார். கூடுதல் முறை பூசினால் குணம் கூடாது. இரண்டு முழங்கை மடிப்புக்கு நாளுக்கு ஒருமுறை, இரண்டு வாரம் பூசினால்கூட 7 கிராம்தான் செலவாகும். 15 கிராம் ட்யூபில் பாதி நிற்கும். வீட்டில் உள்ள எல்லோரின் அரிப்புக்கும் போவது அந்தப் பாதிதான். குணமானதும் என்ன செய்வது என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்வது நல்லது. திரும்ப வரும் நோய் என்றால் வைத்துக்கொள்ளச் சொல்வார். அப்போதும் அது அந்த ஆளுக்கு, அந்த நோய்க்கு மட்டும்.

உடம்பில் எல்லா இடத்துத் தோலும் ஒன்றல்ல. உள்ளங்காலில் மருந்து சுலபத்தில் இறங்காது. விதைப்பைத் தோலில் ஹைட்ரோகார்ட்டிசோன் முன்கையில் இறங்குவதைப்போல 40 மடங்கு இறங்குவதாக அளந்து பார்த்திருக்கிறார்கள். முகம், கண் இமை, அக்குள், தொடை இடுக்கு, குழந்தைகளின் தோல் எல்லாம் மெல்லியவை. இங்கெல்லாம் கடுமையான களிம்பு ஆகாது. கண் இமையில் நாள்கணக்கில் பூசினால் கண் அழுத்தம் கூடிப் பார்வைக்கே கேடு வரலாம். பூசிய இடத்தைத் துணியாலோ பிளாஸ்டிக்காலோ கட்டினால் மருந்து அதிகமாக உள்ளே போகும். குழந்தைக்கு டயபர் போட்ட இடமும் கட்டுப் போட்டதுபோல்தான். நிறம் வெளுக்கும் என்று முகத்தில் தினமும் பூசும் பெண்கள் ஊருக்கு நாலு பேராவது இருக்கிறார்கள். சில மாதங்களில் முகம் சிவந்து, பருவும் முடியும் கிளம்பி, வெயிலில் நிற்க முடியாமல் எரியும். நிறுத்தினால் இன்னும் எரியும். மாதக்கணக்கில் பூசியவர்கள் தாங்களாகத் திடீரென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் போக வேண்டும்.

இதைப் படித்துவிட்டு, மருத்துவர் எழுதிக் கொடுத்த களிம்பையும் பயந்து பாதியில் விட்டுவிடுவது அடுத்த தவறு. சரியான நோய்க்கு, சொன்ன நாளுக்குப் பூசினால் இது நல்ல மருந்து. அரைகுறையாக விட்ட ஒவ்வாமைதான் சொறிந்து சொறிந்து தோலைத் தடிக்க வைக்கிறது.

பார்த்தீனியம் ஒத்துக்கொள்ளாதவருக்கு களிம்பு பாதி வைத்தியம்தான். செடி வரப்பில் நிற்கும்வரை அரிப்பு திரும்ப வரும். பூப்பதற்கு முன்பே, மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்க வேண்டும்; ஒவ்வாமை உள்ளவர் அந்த வேலைக்கே போகக் கூடாது. பயிர் இல்லாத வரப்பு, தரிசு, பாதையோரங்களில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சமையல் உப்பைக் கரைத்துத் தெளித்தால் செடி கருகும். பயிர் நிலத்தில் உப்பு வேண்டாம். வயலுக்குப் போனால் முழுக்கைச் சட்டை, கழுத்தைச் சுற்றித் துண்டு. வந்ததும் சோப்புப் போட்டுக் குளியல், உடுப்பு மாற்றம். இவர்களில் சிலருக்குச் சாமந்தியும் ஒத்துக்கொள்ளாது, இரண்டும் ஒரே குடும்பம் என்பதால்.

ஒட்டன்சத்திரம் விவசாயி வீட்டில் இப்போது மூன்று பேரும் பூஞ்சாண மருந்து சாப்பிடுகிறார்கள். அரைஞாண் கயிற்றை அவிழ்த்துவிட்டார். மூவருக்கும் தனித்தனித் துண்டு. துணிகளைத் தனியே துவைத்து நல்ல வெயிலில் காயப்போடுகிறார்கள். அரிப்பு நின்றாலும் மருத்துவர் சொல்லும்வரை மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று உத்தரவு.

அரிப்புக்காக மருத்துவரிடம் போகிறவர்கள் ஒன்றைக் கையோடு கொண்டு போக வேண்டும்: இதுவரை பூசிய ட்யூப்கள், காலியானவை உட்பட. எதைப் பூசினோம், எத்தனை நாள் பூசினோம் என்று மறைக்காமல் சொன்னால்தான், உருமாறிய படையை அவர் சரியாக அடையாளம் காண முடியும். சந்தேகம் இருந்தால் தோலைச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். அந்தப் பரிசோதனை வலிக்காது.