தினமும் ஒரு வீடியோ தேவையா?

நியூயார்க்கில் வசித்த கேசி நைஸ்டாட் 2015 மார்ச்சில் ஒரு முடிவெடுத்தார்: இனி தினமும் ஒரு வீடியோ. ஸ்கேட்போர்டில் ஊர் சுற்றுவது, வேலை, குடும்பம் என அன்றாட வாழ்க்கையைப் படம்பிடித்து, எடிட் செய்து, யூடியூபில் ஏற்றினார். அதற்கு முன் சில லட்சமாக இருந்த சந்தாதாரர்கள் அடுத்த ஆண்டின் இறுதிக்குள் 50 லட்சத்தைத் தாண்டினார்கள்.

அதே 2015இல், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஜான் பிளாண்ட் என்பவர் மண்ணும் மரமும் கல்லும் மட்டும் கொண்டு குடிசை கட்டுவதைப் படமாக்கினார். ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவருடைய ‘பிரிமிட்டிவ் டெக்னாலஜி’ சேனலில் மாதம் ஒரு வீடியோ வந்தாலே பெரிது. பல மாதங்கள் ஒன்றுமே வராததும் உண்டு. அவருக்கும் ஒரு கோடிக்கு மேல் சந்தாதாரர்கள் சேர்ந்தார்கள்.

அப்படியானால் எத்தனை நாளுக்கு ஒரு வீடியோ போட வேண்டும்?

விடை யூடியூபின் பரிந்துரை முறையில் இருக்கிறது. எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு 2012இல் யூடியூப் முக்கியத்துவம் கொடுக்கத் தொடங்கியது. கூகுள் பொறியாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்த முறையை விளக்குகிறது. முதல் கட்டத்தில், லட்சக்கணக்கான வீடியோக்களிலிருந்து ஒரு பார்வையாளருக்குப் பொருந்தக்கூடிய சில நூறு பொறுக்கப்படுகின்றன. இரண்டாம் கட்டத்தில், அவர் எதை எவ்வளவு நேரம் பார்ப்பார் என்று கணித்து அவை வரிசைப்படுத்தப்படுகின்றன.

பார்க்கும் நேரத்துக்கே முதலிடம் என்பதற்காக, அடிக்கடி போடுவதால் பலனே இல்லை என்று பொருளல்ல. மக்கள் புதியதை விரும்புகிறார்கள் என்பதால், வீடியோ ஏறி எத்தனை நாளாயிற்று என்பதையும் அந்த முறை கணக்கில் எடுத்தது. ஒவ்வொரு புது வீடியோவும் புது வாய்ப்பு; தொடக்கக்காரருக்கு நல்ல பயிற்சியும்கூட. ஆனால் இதற்கும் எல்லை உண்டு. 24 மணி நேரத்தில் ஒரு சேனலிலிருந்து அதிகபட்சம் 3 நோட்டிஃபிகேஷன்களைத்தான் யூடியூப் அனுப்புகிறது. அதற்கு மேல் எத்தனை ஏற்றினாலும் மணி அடிக்காது.

ஓய்வின்றி ஓடுவதற்கு உடலும் மனமும் விலை கொடுக்கின்றன. கனடாவின் யூடியூபர் எல் மில்ஸ் 2018இல், 19 வயதிலேயே தான் முற்றிலும் சோர்ந்துபோனதாகக் கண்ணீருடன் வீடியோ வெளியிட்டார். நிறுத்தினால் சேனல் படுத்துவிடுமோ என்ற பயம்தான் பலரை ஓடவைக்கிறது. இந்தப் பயத்துக்கு யூடியூபின் அன்றைய தலைவர் சூசன் வோஜ்சிக்கி 2019இல் பதில் சொன்னார். ஆறு ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்ததில், இடைவெளி விட்ட சேனல்கள் திரும்பி வந்தபோது, சராசரியாக, முன்பைவிட அதிகப் பார்வைகளையே பெற்றிருந்தன.

எவ்வளவு வேகம் தேவை என்பது வீடியோவின் வகையையும் பொறுத்தது. செய்தியும் கிரிக்கெட் அலசலும் மறுநாளே பழசாகிவிடும்; அவற்றுக்கு வேகம் அவசியம். சமையல், அறிவியல், கைவேலை வீடியோக்களைத் தேடிப் பல ஆண்டுகள் கழித்தும் ஆட்கள் வருவார்கள். அங்கே அவசரம் வேண்டாம்.

புதிதாகச் சேனல் தொடங்குகிறீர்கள் என்றால், ஒரு நல்ல வீடியோவுக்கு உங்களுக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று முதலில் கணக்கிட்டுப் பாருங்கள். ஓராண்டுக்குத் தளராமல் செய்ய முடிகிற இடைவெளியைத் தேர்ந்தெடுங்கள். பிறகு, பார்வையாளர்கள் எந்த நொடியில் வெளியேறுகிறார்கள் என்று காட்டும் வரைபடத்தை யூடியூப் ஸ்டூடியோ பக்கத்தில் திறந்து பாருங்கள். முதல் அரை நிமிடத்திலேயே கோடு சரிகிறது என்றால், எண்ணிக்கையைக் கூட்டாமல் அந்த அரை நிமிடத்தைச் சரிசெய்யுங்கள்.