கத்திரி வெயிலில் நாட்டுத் தக்காளியும் நாட்டுக்கோழியும்

“ஐயா, பங்குனியில் தக்காளிப் பூ கொட்டுது, சித்திரையில் கோழி சாகுது. கொல்லையில் ரெண்டையுமே விட்டுடலாமா?” என்று ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். கேள்வி-பதில் பகுதிக்கு நாலு வரியில் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. அந்த இரண்டு நஷ்டத்தையும் என் வீட்டிலேயே பார்த்தவன் நான். அதனால் பதிலைக் கட்டுரையாகவே எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அம்மா கொல்லையில் தட்டைத் தக்காளி வைத்திருந்தார். காம்புப் பக்கம் பச்சை, உடம்பெல்லாம் மடிப்பு, தூக்கலான புளிப்பு. ரசத்துக்கு ரெண்டு பழம் போதும். “இதுல என்னம்மா மகசூல்?” என்று சொல்லி, வீரிய ஒட்டு ரக நாற்றைக் கொண்டுவந்து நட்டேன். அந்த வருஷம் காய்ப்புக்குக் குறைவில்லை. மறு வருஷம் அதிலிருந்து எடுத்த விதையைப் போட்டால், செடிக்கு ஒரு தினுசாகக் காய்த்தது. அம்மாவின் விதைக் கலயமோ காலி. அந்தத் தக்காளி இன்றுவரை எங்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. படித்த படிப்பு செய்த வேலை அது.

பூ ஏன் கொட்டுகிறது?

பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினாலோ, இரவிலும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காமல் புழுங்கினாலோ தக்காளியின் மகரந்தம் வலுவிழந்துவிடும். கரு கூடாத பூ கொட்டத்தான் செய்யும். உரம் போட்டு இதை நிறுத்த முடியாது. தழைச்சத்தை அள்ளிப் போட்டால் செடி இலையாகத் தழைக்கும், பூ இன்னும் அதிகமாகக் கொட்டும். கடும் வெயிலில் பழம் சிவக்காமல் மஞ்சளாக நிற்பதற்கும் வெப்பம்தான் காரணம். விதையில் குறை இல்லை.

ஆகவே, பட்டத்தை மாற்றுங்கள். கார்த்திகைக் கடைசியில் விதைத்து, 25 நாள் நாற்றை மார்கழியில் நட்டால், மாசியிலும் பங்குனியிலும் பழம் பறித்துவிடலாம். கத்திரி பிறக்கும் முன் பாதிக்கு மேல் வீட்டுக்கு வந்துவிடும். அடுத்த நடவை ஆனியில் வைத்துக்கொள்ளுங்கள்.

செடிக்கு மேற்கே ஒரு முருங்கை இருந்தால் பிற்பகல் வெயிலைத் தடுக்கும். வேரைச் சுற்றி நாலு விரல் கனத்துக்கு வைக்கோலோ சருகோ மூடாக்காகப் போடுங்கள். காலையில் தண்ணீர் கட்டுங்கள். நாலு நாள் காயப்போட்டுவிட்டு ஒரே நாளில் வெள்ளம் பாய்ச்சினால் காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகும். இதற்கு முட்டை ஓட்டைப் பொடித்துப் போடச் சொல்வார்கள். போடலாம், ஆனால் அது மெதுவாகத்தான் கரையும். தண்ணீரை ஒரே சீராக விடுவதுதான் முதல் மருந்து.

கோழிக்கு வியர்க்காது

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைக் கழிக்கும். தீனி குறையும், முட்டை ஓடு மெலியும். வெயில் காலத்தில் தீனியை விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும் மட்டும் வையுங்கள். உச்சி வேளையில் தண்ணீர் மட்டும் போதும். மண் சட்டியில் ஊற்றி, நிழலில் இரண்டு மூன்று இடத்தில் வைத்து, ஒரு நாளில் மூன்று முறை மாற்றுங்கள். தகரக் கூரையாக இருந்தால் மேலே தென்னங்கீற்று பரப்புங்கள்.

அடைக்கு வைக்கும் முட்டையிலும் கவனம் வேண்டும். சூடான அறையில் கிடக்கும் முட்டையில், கோழி உட்காரும் முன்பே கரு பாதி வளரத் தொடங்கிச் செத்துவிடும். ஈர மணல் பரப்பிய சட்டியில் துணி விரித்து அதன்மேல் முட்டையை வையுங்கள். ஐந்து நாளுக்கு மேற்பட்ட முட்டையைச் சமையலுக்கு அனுப்பிவிடுங்கள்.

ஆனால் கோடையில் கொல்லையைக் காலி செய்வது வெறும் வெயில் அல்ல, வெள்ளைக்கழிச்சல். ஒரு வருஷம் “அடுத்த வாரம் போடலாம்” என்று நான் தடுப்பூசியைத் தள்ளிப்போட்டேன். ஒரே வாரத்தில் பதினாலு கோழி போயின. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. காலிக் கூடையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அதுதான் எனக்குப் பெரிய திட்டு.

இந்த நோய் வந்தபின் மருந்தில்லை. வருமுன் தடுக்கத்தான் முடியும். குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, நாலாவது வாரம் மறுபடி, எட்டாவது வாரம் இறக்கைக்கு அடியில் ஊசி. மாசி மாதத்தை ஒட்டிக் கால்நடைத் துறை நடத்தும் முகாமைத் தவறவிடாதீர்கள். தடுப்பு மருந்தைப் பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும்; சூடு பட்டால் பயனில்லை. நலமாக இருக்கும் கோழிக்கு மட்டுமே போட வேண்டும்.

ரெண்டையும் எப்படிச் சேர்ப்பது?

நடவுக்குப் பத்து நாள் முன் பாத்தியைக் கொத்திவிட்டுக் கோழிகளை உள்ளே விடுங்கள். காய்ப்புழு மண்ணுக்குள்தான் கூட்டுப்புழுவாகிறது. கோழி கிளறிப் பொறுக்கித் தின்றுவிடும். நட்டபின் வேலி போட்டு வெளியே நிறுத்துங்கள். இல்லாவிட்டால் மூடாக்கைக் கலைத்து, பழத்தையும் கொத்தும். அறுவடை முடிந்து செடியைப் பிடுங்கியதும் மறுபடி விடலாம். அழுகாத பழுத்த பழத்தைக் கோழிக்குப் போடலாம். இலையையும் பச்சைக்காயையும் போடாதீர்கள்.

கோழி எருவைப் பச்சையாகச் செடிக்குப் போடவே கூடாது. அது வேரைச் சுட்டுவிடும். சருகோடு கலந்து, ஈரம் தெளித்து, மூன்று மாதம் மட்க விடுங்கள். நாற்றம் போய் மண் வாசனை வந்தபின், நடும்போது குழிக்கு ஒரு கை போதும்.

விதை உங்கள் கையில்

தக்காளி தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர். அதனால் நாட்டு ரகத்தின் குணம் பெரும்பாலும் மாறாமல் வரும். இலைச் சுருட்டை இல்லாத நாலைந்து செடிகளில், இரண்டாவது மூன்றாவது கொத்திலிருந்து நன்கு கனிந்த பழத்தை எடுங்கள். சாற்றோடு பிழிந்து ஒரு நாள் புளிக்க வையுங்கள். மிதக்கும் விதையைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதைக் கழுவி, துணியில் நிழலில் உலர்த்துங்கள். காய்ந்த சாம்பல் கலந்து மூடி வைத்தால் மூன்று வருஷம் முளைக்கும்.

நாட்டு விதை கிடைக்காதவர்கள் பி.கே.எம்.-1 வாங்கலாம். அன்னஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளியிலிருந்து பெரியகுளத்தில் உருவாக்கிய ரகம் அது. ஒட்டு ரகம் இல்லையென்பதால் விதை எடுக்கலாம்.

அந்த வாசகிக்கு என் பதில் இதுதான்: ரெண்டையும் விடாதீர்கள், அம்மா. நாளைக்கே கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி நாளைக் கேளுங்கள். செடியில் மிச்சமிருக்கும் நல்ல பழம் நாலில் விதை எடுங்கள். அதில் ஒரு பங்கைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து வையுங்கள். உங்கள் கலயம் காலியானாலும் விதை ஊரில் இருக்கும். எங்கள் வீட்டில் அதைத்தான் செய்யத் தவறினோம்.