தளிர் காட்டிக் கற்ற தமிழ்

கவி பாடப் பழகுவதற்கு எந்தப் புஸ்தகம் வாங்கலாம் என்று இளைஞர்கள் நம்மைக் கேட்பதுண்டு. பின்னாளில் தமிழ்த் தாத்தா என்று நாடு போற்றிய உ. வே. சாமிநாதையர், 1871-ல், தமது 16-வது வயதில், புஸ்தகத்தைத் தேடவில்லை. மாயூரத்தில் வசித்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைத் தேடிச் சென்றார்.

பிள்ளையவர்களுக்குத் தோட்டத்தின்மீது அளவிறந்த பிரியம். மரங்கள் தளிர்த்தனவா என்று காலையில் பார்த்து வருவார். மாணவரோ அவருக்கு முன்பே எழுந்து, எங்கெங்கே புதுத் தளிர் என்று கண்டு வைத்துக்கொண்டு காட்டுவார். ஆசிரியர் உள்ளம் குளிரும், பாடமும் கிடைக்கும். இந்தத் தந்திரத்தை ஐயரவர்களே தம் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். நம் வீட்டுப் பிள்ளைகள் எழுந்திருக்கும் நேரத்தைப் பற்றி நாம் ஒன்றும் சொல்லப் போவதில்லை!

ஆயினும் பெரிய பாடம் வேறு. பிள்ளையவர்கள் புராணச் செய்யுட்களை வாயினால் சொல்லிக்கொண்டே போவார். மாணவர் எழுத்தாணி பிடித்து ஏட்டில் எழுதவேண்டும். பாட்டுப் பிறக்கும்போதே அதைக் கேட்கும் பாக்கியம் எந்த இலக்கண நூலால் கிட்டும்? எதுகை வந்து அமரும் விதத்தை அருகிலிருந்த செவியல்லவா அறியும்!

1876-ல் ஆசிரியர் காலமானார். அவருடைய சரித்திரத்தை, 1933-லும் 1934-லும், இரண்டு பாகங்களாக அந்த மாணவரே எழுதி வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது எண்பதை நெருங்கியிருந்தது.