தானமை வலையில் வழி தேடல்

கைப்பேசியில் நாம் பேசுங்கால் நம் குரல் கேட்போரிடம் நேரே செல்வதில்லை. அண்மையிலுள்ள கோபுரத்தை அடைந்து, அங்கிருந்தே வழிகாட்டப் பெறுகின்றது. புயலோ நிலநடுக்கமோ அக்கோபுரத்தைச் சாய்த்துவிடின், கையிலுள்ள கருவி பழுதின்றி இருந்தும் பயன்படாது. அவ்வேளையில், கருவிகளே ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிச் செய்தியைக் கொண்டுசேர்க்குமாறு அமைவதே ‘மொபைல் அட்ஹாக்’ வலை. அட்ஹாக் என்னும் இலத்தீன் தொடர் ‘இதன்பொருட்டு’ எனப் பொருள்படும். ‘தற்காலிக வலை’ என இதனைப் பெயர்ப்பாருளர். நமக்கு அது நிறைவளிக்கவில்லை. வேண்டியவிடத்துத் தானே அமைதல்தான் இதன் இயல்பு, காலக்குறுமையன்று. ஆதலின் ‘தானமை வலை’ என்போம்.

இவ்வலையில் ஒவ்வொரு கருவியும் ஒரு கணு. கரும்பின் கணுவோ நின்றவிடத்தில் நிற்கும், இக்கணுக்களோ நடமாடுபவை. சற்றுமுன் இருந்த வழி இப்போது இராது. எனவே வழியை முன்னரே அறிந்து வைப்பதா, வேண்டும்போது கேட்டறிவதா என்னும் வினா எழுகின்றது.

1994இல் சார்லஸ் பெர்கின்ஸ், பிரவின் பகவத் ஆகியோர் முன்வைத்த முறை முதல்வகையினது. ஒவ்வொரு கணுவும் ஏனைய கணுக்கள் அனைத்திற்குமான வழிப்பட்டியலை வைத்திருந்து, அண்டையிலுள்ளோர்க்கு அவ்வப்போது அறிவித்துக்கொண்டே இருக்கும். பேசுவார் எவரும் இல்லாதபோதும் அறிவிப்பு ஓயாது, மின்கலம் தேயும்.

அதே பெர்கின்ஸ், எலிசபெத் ராயருடன் 1999இல் வெளியிட்ட ஏ.ஓ.டி.வி. என்னும் முறை இரண்டாம்வகையினது. தாம் கட்டியதைத் தாமே மாற்றிப் பார்க்கும் அத்துணிவு நமக்குப் பிடித்திருக்கின்றது. செய்தி அனுப்ப விழையும் கணு, ‘இன்னாரை அறிவீரோ’ என்று ஒரு வேண்டுகையைப் பரப்பும். கேட்ட கணு, அதனைத் தன்னிடம் தந்தவர் யார் என்று குறித்துக்கொண்டு, ஒரேயொரு முறை அப்பால் செலுத்தும். அதே வேண்டுகை மீண்டும் வரின் வாளா விட்டுவிடும். உரியவரை அடைந்ததும், மறுமொழி வந்த வழியே திரும்பும். முழுவழியையும் ஒருவரும் மனத்திற்கொள்ள வேண்டியதில்லை. அடுத்து யாரிடம் கொடுப்பது என்பதை அறிந்தாற் போதும்.

கேட்பதிலும் சிக்கனம் உண்டு. 2003இல் வெளியான இதன் விதியாவணத்தின்படி, வேண்டுகை முதலில் 1 தாவலுக்கு மட்டுமே செல்லும். விடை வாராவிடில் 3, பின் 5, பின் 7 தாவல். அதற்கும் மேல்தான் 35 தாவல் வரை, வலை முழுதும். பயன்படுத்தாத வழி 3 நொடியில் செல்லாததாகிவிடும். அலையும் கணுக்களிடையே பழைய வழியை நம்புதல் கேடு.

எனினும் மிகக் குறுகிய வழியே சிறந்த வழி என்று கொள்வதற்கில்லை. குறுகிய வழிகள் பெரும்பாலும் நடுவிலுள்ள சில கணுக்களின் ஊடாகவே செல்லும். அக்கணுக்கள் தமக்கென ஒரு சொல்லும் பேசாமலே, பிறர் செய்தியைச் சுமந்து மின்கலம் வற்றி முதலில் அணைந்துவிடும். அவை அணைந்தால் வலையே இரண்டாகப் பிளவுபடவும் கூடும். இடிபாட்டில் சிக்கியோரும் மீட்பாளரும் அப்பிளவின் இருபுறமும் இருப்பராயின் என்னாகும்? 1998இல் சுரேஷ் சிங் முதலிய ஆய்வாளர், தாவல் எண்ணிக்கையை விடுத்து மின்கலத்தில் எஞ்சியிருக்கும் ஆற்றலைக் கொண்டு வழியைத் தெரிவு செய்யுமாறு அளவைகள் வகுத்தனர். அவ்வாறு தெரிந்த வழி சில தாவல் நீண்டிருக்கலாம். செய்தி சற்றுத் தாழ்த்தே சேரலாம். நடுக்கணு இன்னும் சில நாழிகை அணையாதிருக்கும்.