சுமந்ததைச் சுமக்கும் வீதி

கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கேயுள்ள கட்டைபறிச்சானில் இருப்புப்பாதை இல்லை. 1927இல் வந்த பாதை, அக்கரையில் திருகோணமலையோடு நின்றுவிட்டது. இங்கு ஒரு புகைவண்டி எஞ்சினைக் கொணர வேண்டின், வீதியே வழி. ஆனால், இருப்புப்பாதை உள்ள ஊருக்கும் எஞ்சின் வீதிவழியே செல்ல நேர்ந்ததுண்டு என்றால் வியப்பன்றோ?

2005இல் உலக மரபுச் சின்னமான தமிழகத்தின் நீலகிரி மலைப்பாதை 1,000 மில்லிமீற்றர் அகலமுடையது. அதற்கான நீராவி எஞ்சின்கள் சில, இந்நூற்றாண்டில் திருச்சிப் பொன்மலைப் பணிமனையில் கட்டப்பெற்றன. இடைப்பட்ட பாதையோ 1,676 மில்லிமீற்றர் அகலம். அதில் அவை உருள இயலா. ஆகவே நீரும் எரிபொருளும் நிறைந்தால் 50 டன்னை நெருங்கும் எஞ்சின், ட்ரெயிலரில் ஏறி மலையடிவாரம் சேர்ந்தது. பல அச்சுகள் பாரத்தைப் பகிர்ந்துகொள்வதால் வீதியும் பாலமும் அதனைத் தாங்குகின்றன.

பிறரைச் சுமந்தது தானே சுமையாதல் தாழ்வன்று. அரும்பொருட்சாலையில் உறங்காது மலையேறுவதற்கு அதுவே வழி.