பழைய பியட்டுக்குப் புது என்ஜின்: ஆர்.சி. புத்தகம் ஒத்துக்கொள்ளுமா?

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் வேலை பார்க்கும் நம்மவர்களில் சிலருக்குப் பழைய பியட் கார் மீதான ஆசை இன்னும் விட்டுப் போகவில்லை. கனத்த தகடு, அகலமான ஸீட், ஸ்டியரிங்குக்குக் கீழே கை கியர் என்று அந்த வண்டிக்கு ஒரு தனி மவுசு உண்டு. விலையும் கைக்கு எட்டுகிறது. பாடி நன்றாக இருந்து என்ஜின் மட்டும் ஓய்ந்து போயிருந்தால், அதை இறக்கி விட்டு இந்தக் காலத்து என்ஜினை மாட்டினால் என்ன என்ற கேள்வி வருவது இயற்கை.

மாட்ட முடியும். மாட்டித் தரத் தெரிந்த மெக்கானிக்குகளும் உண்டு. மாட்டிய பிறகு அந்த வண்டி சர்க்கார் கணக்கில் எந்த வண்டி என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

கார் கம்பெனிகளே இந்த வேலையைச் செய்தவைதான். பம்பாய் பிரீமியர் கம்பெனி 1985-இல் பழைய பியட் 124 பாடியில் ஜப்பானின் நிஸ்ஸான் என்ஜினை வைத்து 118 என்.இ. என்ற காரை விற்றது. அம்பாசிடருக்கு 1990-களின் தொடக்கத்தில் இசுசு என்ஜின் வந்தது. அதே 1985-இல் சென்னை ஸ்டாண்டர்டு கம்பெனி செய்த காரியம் நேர்மாறானது. இங்கிலாந்தின் ரோவர் காருடைய நவீன பாடியை வாங்கி வந்து, அதற்குள் பழைய 1991 சி.சி. என்ஜினை வைத்தது. பட்டு வேட்டி கட்டி ரப்பர் செருப்பு போட்ட கதைதான். ஸ்டாண்டர்டு 2000 என்ற அந்தக் கார் 1988-க்கு மேல் ஓடவில்லை.

பட்டறைகளும் சும்மா இருக்கவில்லை. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோல் விலை ஏறிய பிறகு, விலை குறைந்த டீசலைத் தேடி அம்பாசிடர் டாக்சிகளில் மாட்டடார் வேனின் டீசல் என்ஜினை மாட்டி ஓட்டினார்கள். வயிற்றுப் பிழைப்புக்காகச் செய்த மாற்றம் அது. இன்று பியட்டில் செய்ய நினைப்பது பெரும்பாலும் ஆசைக்காக.

என்ஜின் மட்டும் போதாது

பியட்டின் சொந்த என்ஜின் 1089 சி.சி. கொண்டது, சக்தி சுமார் 40 குதிரைத்திறன். அது நீளவாக்கில் உட்கார்ந்து பின் சக்கரத்தை ஓட்டுகிறது. இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலானவற்றில் என்ஜின் குறுக்கே உட்கார்ந்து முன் சக்கரத்தை இழுக்கிறது. ஆகவே விபத்தில் நசுங்கிய ஏதோ ஒரு காரின் என்ஜினை மலிவாக வாங்கி வந்தால் அது பியட்டில் உட்காராது. மாருதி ஜிப்சி போல நீளவாக்கில் என்ஜின் உள்ள வண்டியைத் தேட வேண்டும். அதன் 1298 சி.சி. எம்.பி.எப்.ஐ. என்ஜின் தருவது சுமார் 80 குதிரைத்திறன், அதாவது இரட்டிப்பு.

என்ஜின் வந்தால் அதன் கியர் பாக்ஸும் கூடவே வர வேண்டும். தரை கியருக்காக அடித்தகட்டை வெட்ட வேண்டும். புரொப்பெல்லர் ஷாப்டின் நீளத்தை மாற்றி, பாலன்ஸும் பார்க்க வேண்டும். பழைய காருக்குக் கார்புரேட்டரும் ஒரு சிறிய பம்பும் போதும். புது என்ஜினுக்கு டாங்கில் மின்சார பம்ப், கம்ப்யூட்டர் பெட்டி, சென்சார்கள், அவற்றுக்கான ஒயர் கட்டு எல்லாம் வேண்டும். ஒரு ஒயர் தவறினாலும் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும்.

பியட்டில் லாரியைப் போலத் தனிச் சேஸ் கிடையாது. தகடுகளை ஒட்டிய பாடியே சேஸ். புது மவுண்டிங்கை அந்தத் தகட்டில்தான் வெல்டிங் செய்ய வேண்டும். கடற்கரைப் பக்கம் கிடந்த வண்டி என்றால், பெயிண்டுக்கு அடியில் துருவாக இருக்கலாம். துருவின் மேல் வைத்த வெல்டிங் எத்தனை நாள் தாங்கும்?

இதைவிட முக்கியமானது பிரேக். பியட்டுக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். 40 குதிரைத்திறனை நிறுத்தச் செய்த பிரேக்கை வைத்துக்கொண்டு 80 குதிரைத்திறனில் ஓட்டுவது ஆபத்து. முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வைக்காமல் என்ஜினை மட்டும் மாட்டித் தருகிறேன் என்று சொல்லும் மெக்கானிக்கிடம் வண்டியை விடாமல் இருப்பது நல்லது.

சட்டம் சொல்வது என்ன?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, தயாரித்த கம்பெனி குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. இதன் மீது கேரளாவிலிருந்தே ஒரு வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. மாற்றங்களுக்கு இடம் தந்த கேரள ஐகோர்ட்டுத் தீர்ப்பை 2019 ஜனவரி 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

பழைய என்ஜினுக்குப் பதிலாக அதே ரக என்ஜினை ஆர்.டி.ஓ. அனுமதியுடன் வைத்து, ஆர்.சி.யில் பதிந்து கொள்ளலாம். அங்கீகாரம் பெற்ற கிட் மூலம் கியாசுக்கோ, பாட்டரிக்கோ மாற்றவும் சட்டத்தில் வழி உண்டு. ஜிப்சி என்ஜின் இந்த இரண்டிலும் சேராது.

எல்லையில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் தொல்லை. 1956-இல் விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளாவில் நின்றுவிட்டது. களியக்காவிளையில் வாங்கும் வண்டிக்கு மார்த்தாண்டம் டி.என்.75 நம்பர், பாறசாலையில் கே.எல்.19. நடந்தே போகும் தூரம்தான். ஆனால் வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கு வைத்திருந்தால் தடையில்லாச் சான்று வாங்கி, கேரள வரியைக் கட்டி, மறுபதிவு செய்ய வேண்டும். அப்போது இன்ஸ்பெக்டர் பானட்டைத் திறந்து என்ஜின் நம்பரைப் பார்ப்பார். முந்தைய சொந்தக்காரர் ஊரில் சிக்காமல் ஓட்டிய வண்டி, வாங்கியவர் கையில் அங்கே சிக்கும். 15 ஆண்டு கடந்த வண்டிக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போதும் இதே சோதனை உண்டு. விபத்து நடந்தால், மாற்றத்தைத் தெரிவிக்கவில்லை என்று இன்சூரன்ஸ் கம்பெனியும் கையை விரிக்கலாம்.

50 ஆண்டு கடந்த கார்களுக்கு 2021-இல் விண்டேஜ் பதிவு வந்தது. கட்டணம் 20,000 ரூபாய். அன்றாட ஓட்டத்துக்கு அந்த வண்டியை எடுக்க முடியாது. பாடியிலோ என்ஜினிலோ பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு அந்தப் பதிவும் கிடையாது. புது என்ஜின் மாட்டியவருக்கு இரண்டு வாசலும் அடைபடுகிறது.

மாதச் சம்பளக்காரருக்குச் சரியான வழி, பழைய என்ஜினையே பிரித்து வேலை செய்வதுதான். சிலிண்டரை ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, கிராங்கைக் கிரைண்டிங் செய்தால் பியட் இன்னும் பல வருடம் ஓடும். வேகம் கூடாது, ஆர்.சி.யும் கெடாது.

வாங்கப் போகும் இடத்தில் "அண்ணாச்சி, என்ஜின் புத்தம் புதுசு, ஏற்றத்தில் சும்மா பறக்கும்" என்று யாராவது சொன்னால், பேச்சை நிறுத்தி பானட்டைத் திறக்கச் சொல்ல வேண்டும். ஒரு வெள்ளைத் தாளை என்ஜின் நம்பர் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்துகள் தாளில் விழும். சேஸ் நம்பரையும் அப்படியே எடுத்து, இரண்டையும் ஆர்.சி.யோடு ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப் பார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுக்கலாம்.